வருஷத்துக்கு எத்தனை பேட்ச்?

அன்புள்ள அண்ணா,

எனக்குப் பல்லடம் பக்கம். பொறியியல் முடித்துக் கோவையில் இரண்டு வருடமாக வேலை. தோட்டத்தில் கடன் வாங்கி ஒப்பந்தக் கோழிப்பண்ணை போடலாம், நீ வந்து பார்த்துக்கொள் என்கிறார் அப்பா. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி தரும், கறிக்கோழி விலை இறங்கினாலும் நமக்குக் கவலையில்லை, மாதச் சம்பளம் மாதிரிதான் என்கிறார். எனக்கும் சரியென்றே படுகிறது. நண்பர்கள்தான் 'படித்துவிட்டுக் கோழி மேய்க்கவா?' என்று சிரிக்கிறார்கள். பெண் கொடுக்க யோசிப்பார்களாம். எங்கள் தலைமுறைக்கு ஏன் இந்த இளக்காரம்?

ச.

அன்புள்ள ச.,

இளக்காரத்தை விடு. சிரிக்கிறவன் உன் தவணையைக் கட்டப்போவதில்லை. பெண் வீட்டார் பற்றிச் சொல்ல நான் ஆளில்லை.

போன வாரம்தான் என் தாய்மாமாவின் பழைய ஷெட்டைப் பிரித்து, தகரத்தை எடைக்குப் போட்டார்கள். அந்த நினைப்பில் இருந்தபோது வந்தது உன் கடிதம். 'மாதச் சம்பளம் மாதிரி' என்ற வரியில் நின்றுவிட்டேன்.

அவர் ஐயாயிரம் கோழிக்கு ஷெட் போட்டபோது நான் பள்ளிக்கூடப் பையன். குஞ்சு இறங்கிய இரவுகளில் மாமா தூங்கமாட்டார். பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர். ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி. தெர்மாமீட்டர் எதற்குடா என்பார். காலையில் செத்ததை எண்ணி அட்டையில் எழுதுவது என் வேலை.

அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த மனுஷன் நொடித்தது கோழி செத்து அல்ல, கோழியே இல்லாத நாட்களில். ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, தேங்காய் நார்த்தூள் பரப்பிவிட்டு கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போடுவார். "அடுத்த வாரமுங்ணா." அடுத்த வாரமும் அதே பதில். மார்க்கெட் இறங்கியிருக்கும், குஞ்சு இறக்குவதைத் தள்ளிப்போட்டிருப்பார்கள். ஒரு தடவை காலி ஷெட்டில் அத்தை மக்காச்சோளம் கொட்டி வைத்தார். மாமா பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

கணக்குப் போடு. குஞ்சு இறக்கி நாற்பது, நாற்பத்தைந்து நாளில் இரண்டு கிலோ தாண்டிப் பிடிப்பார்கள், அது ஒரு பேட்ச். கழுவிக் காயவைக்க இரண்டு வாரம். ஆக, வருஷத்துக்கு ஆறு பேட்ச் என்று பேங்க்குக்குக் கொடுக்கும் திட்டத்தில் எழுதிவிடலாம். அந்த ஆறை முடிவு செய்வது நீயா? நாலாகிவிட்டால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் வரும். இறங்கிய விலை உன் வீட்டுக்குக் காலி ஷெட்டாக வரும் தம்பி. கிலோவுக்கு இவ்வளவு என்று உனக்குத் தரும் பணத்துக்குக் கம்பெனிக் கணக்கிலேயே பெயர் 'வளர்ப்புக் கூலி'. சம்பளம் என்று அவர்கள் சொல்லவில்லை, நீதான் சொல்கிறாய்.

வேலைக்குச் சேரும்போது ஆஃபர் லெட்டரை நோட்டீஸ் பீரியட் வரைக்கும் நாலு பேரிடம் காட்டியிருப்பாய். அப்பா கையெழுத்துப் போடப்போகும் ஒப்பந்தத்தை ஒரு தரமாவது வாசித்தாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நண்பர்கள் அதற்காகச் சிரித்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

தீவனம் கூடி எடை குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள், அது ஊருக்கே தெரியும். ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே 2019-இல் தமிழ்நாடு தனிச்சட்டம் போட்டது, நாட்டிலேயே முதலாவதாக. கால்நடையும் அதில் உண்டு. அதை இன்னொரு நாள் பேசுவோம். குஞ்சு தராத நாளுக்கு யார் பொறுப்பு என்று அந்தத் தாளில் ஒரு வரி இருக்கிறதா, அதை மட்டும் தேடு.

அப்பா மேல் கோபப்படாதே. ஒரு ஷெட்டைப் போட்டால் பிள்ளை பக்கத்தில் இருப்பான் என்று நினைத்திருப்பார்.

பக்கத்துப் பண்ணைக்காரரிடம் போன வருஷம் எத்தனை பேட்ச் எடுத்தார் என்று கேட்டு எழுது. கிலோவுக்கு எவ்வளவு என்று எழுதாதே.