வெறிச்சோடிய கடற்கரை

மதிப்பிற்குரிய ஐயா,

என் பாட்டனாரின் தகப்பனார் மதராஸ் கடற்கரையில் படகு வலித்தவர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவருடைய படம் எதுவும் எங்களிடம் இல்லை. அவர் காலத்துக் கடற்கரையையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மாதமாகப் பழைய புகைப்படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கின்றன. வெள்ளைக் கட்டடங்கள், வெறும் மணல், பனி படர்ந்தது போன்ற ஒரு கடல். ஆட்களே இல்லை. நண்பர்களிடம் காட்டினால் “அந்தக் காலத்துச் சென்னை எவ்வளவு அமைதியாக இருந்திருக்கிறது” என்று பெருமூச்சு விடுகிறார்கள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்ததா?

இன்னொரு சந்தேகம். ஒரு படத்தில் சாலையைத் தாண்டியதும் மணல், உடனே கடல். ‘முதல் கடற்கரைச் சாலை’ என்று குறிப்பு இருக்கிறது. இன்று பாரிமுனைப் பக்கம் நின்றால் கடலே கண்ணில் படாது. குறிப்பைத் தவறாக எழுதிவிட்டார்களா?

அன்புடன்,
ஒரு வாசகர், பெரம்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். குறிப்பு சரிதான். இன்றைய ராஜாஜி சாலைதான் அந்த முதல் கடற்கரைச் சாலை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அதன் கிழக்கு ஓரத்தில் மணல், மணலைத் தாண்டினால் அலை. நீங்கள் இன்று பார்க்கும் துறைமுக மதில், கிடங்குகள், தண்டவாளங்கள் எல்லாம் பிறகு வந்தவை. சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டி, கடலுக்குள் கல் சுவர்கள் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அவற்றைச் சிதைத்தது. மறுபடியும் கட்டி முடிக்க அந்த நூற்றாண்டின் இறுதி ஆகிவிட்டது.

அந்தச் சுவர்கள் கரையின் உருவத்தையே மாற்றின. நம் கடற்கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கே தேங்கியது. மெரினா இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் போகாததால் ராயபுரமும் காசிமேடும் கரையை இழந்தன. இன்றும் அங்கே கற்களைக் கொட்டித்தான் கடலைத் தடுக்கிறார்கள். ஐஸ் ஹவுஸின் பழைய படம் கிடைத்தால் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைப்பதற்காக 1840களில் கட்டிய கட்டடம் அது. அன்று கடலுக்கு எவ்வளவு அருகில் நின்றது, இன்று எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கண்ணாலேயே அளந்துவிடலாம்.

முதல் கேள்விக்கு என் பதில்: இல்லை. அந்தக் கடற்கரை ஒரு நாளும் அமைதியாக இருந்ததில்லை. அமைதி, அந்தக் காலத்தில் படம் பதிந்த கண்ணாடித் தகட்டில்தான் இருந்தது.

1850களில் ஃப்ரெடரிக் ஃபீபிக் மதராஸைப் படமெடுத்தபோதும், அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் நிக்கோலஸ் போன்ற நிறுவனங்கள் எடுத்தபோதும், ஒரு படம் பதிவதற்குப் பல வினாடிகள் பிடித்தன; காகிதத்தில் எடுத்த தொடக்க காலத்தில் நிமிடக் கணக்கில்கூட ஆனது. அவ்வளவு நேரமும் அசையாமல் நின்றது மட்டுமே படத்தில் நிற்கும். கட்டடம் நிற்கும். தூண் நிற்கும். கரையில் இழுத்துப் போட்ட படகு நிற்கும். தலையில் மூட்டையோடு மணலில் நடந்து போனவர் நிற்க மாட்டார். அலை நிற்காது; எழுந்து விழுந்த அலைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே வெண்புகையாகிவிடும். நீங்கள் பனி என்று நினைத்தது அந்த அலைகளைத்தான். படகுகளைக் கவிழ்த்து ஆட்களைக் கொன்ற அலைகள் அவை.

ஒருமுறை ஒரு நூலகத்தில் அந்தக் காலத்துப் பெரிய அச்சுப்படி ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணலில் சாம்பல் நிறத்தில் தீற்றல்கள் தெரிந்தன. கறை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு தீற்றலின் அடியில் மட்டும் தெளிவாக ஒரு பாதம் இருந்தது. பாரம் சுமப்பவர் அடியெடுத்து வைக்கும்போது ஊன்றிய கால் ஒரு கணம் நிலைக்கும் அல்லவா, அது பதிந்துவிட்டது. அதற்கு மேலே உடல் இல்லை, தலை இல்லை, மூட்டையும் இல்லை. பிறகு எண்ணத் தொடங்கினேன். வெறும் மணல் என்று நான் கடந்துபோன அந்த இடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தீற்றல்கள் இருந்தன. அன்றிலிருந்து எந்தத் துறைமுகப் படத்தையும் நான் கீழ் விளிம்பிலிருந்துதான் பார்க்கத் தொடங்குகிறேன். நீங்களும் அப்படிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தகடுகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. அவை நீல ஒளியை மட்டுமே நன்றாக வாங்கும். அதனால்தான் வானம் மேகமே இல்லாமல் வெளுத்துக் கிடக்கிறது. பழுப்பும் சிவப்பும் அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டு. சுண்ணாம்பு பூசிய சுவர் தகதகக்கும். வெயிலில் காய்ந்த மனிதனின் முகம் கண், மூக்கு தெரியாத கரிய நிழலாகிவிடும். அசையாமல் நின்ற உழைப்பாளிக்கும் அந்தத் தகட்டில் முகம் கிடைக்கவில்லை. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்கு வந்த வருத்தம் இன்னும் குறையவில்லை.

சரி, அந்த வெற்றிடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? உங்கள் கொள்ளுத்தாத்தாவின் வேலையைச் சொல்கிறேன்.

கப்பல்கள் கரைக்கு வர முடியாது. ஒன்றிரண்டு மைல் தள்ளித் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். இடையே வரிசை வரிசையாக அலைகள் உடையும். வெள்ளைக்காரர்களின் ஆணியடித்த படகு அந்த அலையில் அடிபட்டுத் தரையில் மோதினால் பிளந்துவிடும். நம் ஆட்களிடம் இருந்தது மசூலாப் படகு. அதில் ஆணியே கிடையாது. பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, இணைப்பில் நார் வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் இழுத்துத் தைத்திருப்பார்கள். உள்ளே விறைப்பான சட்டங்களும் இல்லை. அலை அடித்தால் படகு வளைந்து கொடுக்கும். மணலில் மோதினால் நெளிந்து மறுபடி நேராகும். தண்ணீர் உள்ளே கசிந்துகொண்டேதான் இருக்கும், அதை இறைத்துக் கொட்ட ஆள் உண்டு. நீண்ட கழியின் நுனியில் பலகைத் துண்டைக் கட்டியதுதான் துடுப்பு. எட்டுப் பத்துப் பேர் வலிக்க, பின்னால் ஒருவர் நின்று திசை பிடிப்பார். அலையின் முதுகில் எப்போது ஏறுவது, எப்போது காத்திருப்பது என்று அவர்தான் முடிவு செய்வார். தவறினால் படகு புரளும். அதற்காகவே பக்கத்தில் கட்டுமரங்கள் வரும். விழுந்தவர்களைத் தூக்கிப் போடுவதற்கு.

நகரத்துக்கு வந்த பாதிரியார், ஆளுநர், துணிப்பொதி, குதிரை, ஒயின் பீப்பாய், கடிதப் பை எல்லாம் இந்தப் படகில்தான் கரையேறின. 1861இல் இரும்புத் தூண்கள் மேல் கடலுக்குள் நீளும் இறங்குமேடை ஒன்று வந்தது. அதற்குப் பிறகும் கப்பலுக்கும் மேடைக்கும் நடுவே ஓடியது படகுதான். அலைக்குத் தக்கபடி எல்லோரும் ஒரே மூச்சில் வலிக்க வேண்டும் என்பதால் பாடிக்கொண்டேதான் வலிப்பார்கள். வந்திறங்கிய ஐரோப்பியர்கள் பலர் அந்தப் பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பெரும்பாலும் இரைச்சல் என்று. நம் கரையில் அம்பா என்று சொல்லும் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இரைச்சல் இல்லை என்று தெரியும்.

இனி ஒரு கசப்பான விஷயம். 1880களில் உலர்ந்த ஜெலட்டின் தகடுகள் பரவலாயின. ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் படம் எடுக்க முடிந்தது. அலையையும் துடுப்பையும் அப்படியே பிடித்துவிடும் கேமரா கடைசியில் வந்து சேர்ந்தபோது, துறைமுகச் சுவர்களும் எழுந்துவிட்டன. சுவருக்குள் கடல் அடங்கியது. 1904இல் துறைமுகப் பொறுப்பேற்ற ஃபிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கே திறந்திருந்த நுழைவாயிலை அடைத்து வடக்குப் பக்கம் புதிய வாயில் அமைத்த பிறகு கப்பல்களே உள்ளே வந்து நின்றன. அலையை அறிந்தவர்களுடைய அறிவுக்கு அங்கே வேலை குறைந்துகொண்டே போனது. ஆகவே மசூலாப் படகு அலையில் ஏறும் தெளிவான படங்களில் பல, அந்தத் தொழிலின் கடைசி ஆண்டுகளில் எடுத்தவை. வீலே அண்ட் க்ளைன், ஹிக்கின்பாதம்ஸ் போன்றவர்கள் வெளியிட்ட அஞ்சல் அட்டைகள் உங்கள் தேடலுக்கு உதவும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். உலர்ந்த மணலில் கட்டுமரத்தை வைத்து, ஆட்களைத் துடுப்போடு நிறுத்தி எடுத்த அட்டைகள் நிறைய வரும். அவை ஊருக்கு அனுப்புவதற்காக ஏற்பாடு செய்த காட்சிகள். முகம் தெரிகிறதே என்று அவற்றை நான் மதிக்கத்தான் செய்கிறேன். ஆனால் அந்தக் கைகள் அங்கே வேலை செய்யவில்லை, சொன்னபடி நிற்கின்றன. கலங்கிய தீற்றலும் ஒற்றைப் பாதமும் உள்ள படமே எனக்கு நெருக்கமானது.

படத்தின் காலத்தைக் கணிக்கக் கட்டடங்கள் உதவும். வெள்ளைக் கட்டடங்களை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. இறங்குமேடை இருந்தால் 1861க்குப் பிற்பட்டது. தலைமை அஞ்சலகத்தின் கோபுரங்கள் தெரிந்தால் 1880களுக்கு முன்னால் போகாது. உயர் நீதிமன்றம் திறந்தது 1892இல்; அதன் உச்சியில் கலங்கரை விளக்கு எரியத் தொடங்கியது 1894இல். நீதிமன்றம் இல்லாமல் உயரமான ஒற்றைத் தூண் மட்டும் தெரிந்தால் அது 1844இல் வந்த முந்தைய விளக்கு. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் வயதுக்கணக்கு வீட்டில் யாருக்காவது தெரிந்தால், அவர் வலித்த காலத்துப் படங்களை இப்படிப் பிரித்துவிடலாம்.

குறிப்புகளை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிய நூல்களில், மதராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்து கிடக்கும் படம் அடிக்கடி வரும். மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது ஏற்றுமதிக்காகக் குவித்த தானியம் என்று கீழே எழுதியிருப்பார்கள். பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் வெளியே போனது உண்மை. அதே மாதங்களில் வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி இதே மணலில் வந்து இறங்கியதும் உண்மை. மூட்டை எந்தப் பக்கம் போகிறது என்று அசையாத படம் சொல்லாது. அதைச் சுமந்தவரைக் கேட்டால் தெரிந்திருக்கும். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் போவது அவரிடம்தான்: அவர் வீட்டில் அன்றைக்கு உலை வைத்தார்களா?

படமெடுக்கும் கண் எதைத் தேடி ஓடும் என்பதற்கும் இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. எரிந்த தொட்டிகளின் படங்கள் அஞ்சல் அட்டைகளாகவே விற்பனையாகி இன்றும் கிடைக்கின்றன. ஒரு இரவின் தீக்கு அவ்வளவு படங்கள். நூற்றாண்டுக் கணக்கில் ஒவ்வொரு விடியலிலும் நடந்த வேலைக்கு நீங்கள் ஒரு மாதமாகத் தேட வேண்டியிருக்கிறது.

கட்டடங்களுக்கெல்லாம் பெயர் இருக்கும் இந்தப் படங்களில் ஆட்களுக்குக் குறிப்பு எழுதியவர்கள் ‘சுதேசிகள்’, ‘கூலிகள்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எனவே உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பெயரோடு எந்தப் படத்திலும் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் படத்தை அவர்கள் முன்னால் பெரிதாக வையுங்கள். இந்தக் கயிற்றுக்கு என்ன பெயர், இந்தக் கழிக்கு என்ன பெயர், பின்னால் நின்று திசை பிடிப்பவரை எப்படிக் கூப்பிட்டார்கள், சும்மாடு எந்தத் துணியில் சுற்றினார்கள், வலிக்கும்போது என்ன பாடினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு வரி நினைவிருந்தாலும் அவர்கள் சொன்ன மாதிரியே, சொல்லை மாற்றாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள். அந்த முதல் கடற்கரைச் சாலைப் படத்தின் தெளிவான பிரதி இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். கீழ் விளிம்பை நான் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அன்புடன்.