மட்டக்களப்பில் வீட்டுக்குள் சேஜ் (sage) என்ற சமையல் மூலிகைச் செடி வளர்க்க முடியுமா? இலை மஞ்சளாகி வாடுகிறது, தண்ணீர் போதவில்லையா?

தண்ணீர் போதாமல் வாடவில்லை, கூடியதால்தான் வாடுகிறது. காலையும் மாலையும் ஊற்றுவதாகவும், இணையத்தில் படித்தபடி தெற்கு யன்னலோரம் வைத்திருப்பதாகவும், வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றும் நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தபோது, என் கதையை வேறொருவர் எழுதி அனுப்பியது போல இருந்தது. உங்கள் செடி மலைநாட்டிலிருந்து மரக்கறி லொறியோடு வந்து இறங்கியதாக இருக்கும். பிளாஸ்டிக் சாடியில் தும்புத்தூளை அமுக்கி நட்டிருப்பார்கள். தரை நனையாதிருக்க அடியில் நீங்கள் ஒரு தட்டும் வைத்திருப்பீர்கள். என் ஊகம் பிழை என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் பிழையாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

நான் விவசாயம் படித்தவன் அல்லன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் குசினியில் ஏழு வருடம் வேலை செய்தவன். சேஜை முதன்முதலில் கண்டதும் அங்கேதான். எங்கள் ஷெஃப் வெண்ணெயைப் பொன்னிறமாக உருக்கி, அதில் சேஜ் இலைகளை முறுகவிட்டு, அவித்த பூசணித் துண்டுகளின் மேல் ஊற்றுவார். காய்ந்த இலையில் அந்த மணம் வருவதில்லை என்பதால் நுவரெலியாவிலிருந்து இரண்டு செடிகளை வரவழைத்து, "தம்பி, இது உன்ட பொறுப்பு" என்று சொல்லிக் குசினி யன்னல் மேடையில் வைத்தார். ஒரு பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டி, மறுபக்கம் எந்நேரமும் கொதிக்கும் நீராவி. காலை முறைக்கு வருபவர் ஊற்றினார், மாலையில் நான் ஊற்றினேன், பாத்திரம் கழுவும் பொடியனும் கோப்பையில் மிஞ்சிய தண்ணீரை அதற்கே ஊற்றினான். எல்லோருக்கும் அதன் மேல் இரக்கம். பத்தாம் நாள் இலைகள் தொங்கின. தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றினோம். இரண்டாம் கிழமை முடியுமுன் இரண்டும் கறுத்துச் சாய்ந்தன.

அந்த மாதச் சேர்விஸ் சார்ஜில் என் பங்கிலிருந்து இரண்டு செடிகளின் விலையையும் மேலாளர் கழித்துவிட்டார். தொகை பெரிதல்ல. ஆனால் மூன்று பேர் ஊற்றிய தண்ணீருக்கு ஒருவன் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது இன்றைக்கும் உறுத்துகிறது. விருந்தினரின் பில்லில் பத்து வீதம் போட்டு வாங்குகிற அந்தப் பணம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று கேட்டால் வாய் திறக்காத இடத்தில், செடி செத்த கணக்கு மட்டும் சதம் தவறாமல் எழுதப்பட்டிருந்தது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், செடி ஏன் செத்தது என்று தேடத் தொடங்கியதே அந்தக் கோபத்தில்தான்.

சேஜ் மத்தியதரைக் கடலோரத்துச் செடி. கல்லும் சுண்ணாம்பும் கலந்த வறண்ட சரிவுகளில், கோடையில் மழையே இல்லாமல் வளர்ந்து பழகியது. இலையின் மேல் இருக்கும் சாம்பல் நிற மெல்லிய மயிர்ப் படலமும் நீரைச் சிக்கனமாகக் காப்பதற்கான ஏற்பாடு. மண் ஓயாமல் ஈரமாக இருந்தால் வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை, வேர் அழுகுகிறது. அழுகிய வேரால் சாடி நிறைய நீர் நின்றாலும் உறிஞ்ச முடியாது. ஆகவே மேலே இலை தாகத்தில் வாடியது போலவே வாடுகிறது. நாமும் ஏமாந்து மேலும் ஊற்றுகிறோம்.

அடுத்த செடியை வேலையை விட்டபின் கல்லடியில் எங்கள் வீட்டில் வைத்தேன். சுவிஸில் இருக்கும் அக்கா தொலைபேசியில் வழிகாட்டினார்: தெற்கு யன்னல், கண்ணாடிக்கு அருகில், நாளுக்கு ஆறு மணி நேர வெயில். அவருடைய ஊரில் அது முற்றிலும் சரி, ஏனெனில் அங்கே சூரியன் வருடம் முழுவதும் நண்பகலில் தெற்கிலேயே நிற்கிறது. மட்டக்களப்போ ஏறக்குறைய 7.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகவே ஏறி இறங்குகிறது. அந்த மாதங்களில் தெற்கு யன்னலுக்கு நேர் வெயில் ஒரு துளிகூட விழாது. நான் செடியை வைத்தது சித்திரை வருடப் பிறப்புக்கு அடுத்த கிழமை. ஆனி பிறப்பதற்குள் தண்டு நூல் போல நீண்டு, இலைகள் சிறுத்து வெளிறி, கையால் தொட்டாலே சாயும் நிலைக்கு வந்துவிட்டது. அக்காவில் குற்றமில்லை. வழிகாட்டிகளை எழுதுகிறவர்கள் தங்கள் வீட்டு யன்னலை உலகத்தின் யன்னலாக நினைத்து எழுதிவிடுகிறார்கள். நம் ஊரில் கிழக்கு யன்னலே நல்லது: காலை ஆறரையிலிருந்து பதினொரு மணிவரை நேர் வெயில், பிறகு வெளிச்சம் மட்டும். மேற்கு யன்னலில், கச்சான் என்ற சூடான வறண்ட மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கண்ணாடி அடுப்புத் தட்டுப் போலச் சூடாகிறது; அங்கே வைக்க வேண்டாம்.

மூன்றாவது செடியைக் காப்பாற்றியவர் ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவருக்குச் சேஜ் என்றால் என்னவென்றே தெரியாது. கார்த்திகை மழையில் டெங்கு பார்க்க வீடு வீடாக வந்தவர், செடிக்கு அடியில் இருந்த தட்டை டோர்ச் லைட்டால் பார்த்து, இதில் நுளம்புக் குடம்பி நெளிகிறது, அடுத்த முறை கண்டால் வழக்குத்தான் என்று எச்சரித்துப் போனார். வெட்கத்தில் தட்டையே எறிந்துவிட்டு, சாடியை இரண்டு செங்கல் துண்டுகளின் மேல் ஏற்றி வைத்தேன். இரண்டு கிழமையில் புதிய தளிர் வந்தது. அதுவரை நான் ஊற்றிய நீரெல்லாம் தட்டில் தேங்கி நின்று, கீழிருந்து மண்ணை நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். ஆறு முதல் எட்டு அங்குல வாயுள்ள, அடியில் துளையுள்ள மண்சாடி. ஒரு பங்கு தோட்ட மண்ணும் நன்றாக மக்கிய பசளையும், இரண்டு பங்கு பருமனான ஆற்று மணலும் நொறுக்கிய செங்கலும். கடற்கரை மணலை எடுக்காதீர்கள், அதில் உப்பு இருக்கிறது. தும்புத்தூள் கத்தரி, மிளகாய்க்கு நல்லது, சேஜுக்கு அது ஈரப் போர்வை. விரலை முதல் மடிப்புவரை மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்; பழகிவிட்டால் சாடியைத் தூக்கிப் பார்த்துப் பாரத்திலேயே சொல்லிவிடலாம். கச்சான் காலத்தில் என் வீட்டில் மூன்று நாளுக்கு ஒருமுறை, மாரியில் எட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை. இந்தக் கணக்கை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் வீட்டுக் காற்று வேறாக இருக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருப்பதால் எங்கள் கிணற்று நீர் சவர். அதை ஊற்றியபோது சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. குழாயில் வரும் உன்னிச்சைக் குளத்து நீரையோ மழைநீரையோதான் இப்போது ஊற்றுகிறேன்.

மாரியில் இன்னொரு தொல்லை, இலையில் மாவு தூவியது போலப் படியும் வெண்பூஞ்சை. யன்னலை அடைத்து வைத்தால் அது நிச்சயம் வரும். பகலில் மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள், இலையில் நீர் தெளிக்காதீர்கள், படிந்த இலைகளைக் கிள்ளி வெளியே வீசிவிடுங்கள். சமையலுக்கு நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும், ஆனால் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறித்தால் செடி தளர்ந்துவிடும். தேநீருக்கும் பயன்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள். எப்போதாவது இரண்டு இலை போடுவதில் தவறில்லை. ஆனால் இதில் துஜோன் என்ற பொருள் இருப்பதால் நாள்தோறும் நிறையக் குடிப்பது நல்லதல்ல, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்க்க வேண்டும்.

நுவரெலியாவில் இதெல்லாம் இல்லாமலே புதர் போல வளர்கிறதே என்று யாராவது கீழே எழுதுவார்கள். வளரும்தான், அங்கே இரவு குளிர்கிறது, இங்கே இரவிலும் வேர்க்கிறது. கற்பூரவள்ளி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களும் வருவார்கள். என் மனைவியே கேட்கிறாள்: "கற்பூரவள்ளிய ஒடிச்சுப் போட்டாலும் முளைக்குது, இந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" துளசியும் கற்பூரவள்ளியும் சேஜும் ஒரே குடும்பம் என்று நான் சொன்னால், குடும்பத்தில் ஒன்று இப்படி இருக்கத்தான் செய்யும் என்கிறாள். அவள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கழிக்கப்பட்ட அந்தப் பணத்துக்காகவே வளர்க்கிறேன் போலும்.

ஒரே செடியை நெடுங்காலம் காப்பாற்றலாம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். என் வீட்டில் இரண்டு வருடத்தில் தண்டு விறகாகி இலை குறைந்துவிடுகிறது. அதற்குள் நுனிகளை வெட்டிப் பதியன் போட்டுவிடுகிறேன். நீங்களும் இன்றைக்கே சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக உறுதியாக இருந்தால் மண்ணை மட்டும் மாற்றுங்கள். பழுப்பாகிக் குழைந்து நாற்றமடித்தால் வேரைக் காப்பாற்ற முயலாமல், இன்னும் பச்சையாக இருக்கும் நுனிகளில் நான்கு அங்குலத் துண்டுகளாக மூன்று, நான்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, கழுவிய ஆற்று மணலில் ஊன்றி, நிழலான வெளிச்சத்தில் வையுங்கள். வேர்விட நான்கு முதல் ஆறு கிழமை ஆகும். இது புரட்டாதி, பெருமழைக்கு இன்னும் அவ்வளவு நாள் இருக்கிறது.