பூனை நொண்டுகிறது: பொறுத்துப் பார்க்கலாமா, உடனே போக வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்கு மூன்று வயது. வெளியே போய்வரும் பழக்கம் உண்டு. நேற்று காலையிலிருந்து முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான். ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறான், கத்தவும் இல்லை. இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாமா? வலிக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: முதலில் மாத்திரை விஷயம். கொடுக்கவே கொடுக்காதீர்கள், கால் மாத்திரைகூட வேண்டாம். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத்திணறி உயிரே போகலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். இபுபுரோஃபனும் பூனைக்கு ஆபத்துதான்.

சரி, காலுக்கு வருவோம். சாப்பிடுகிறான், கத்தவில்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்கிறீர்கள். பூனை விஷயத்தில் அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வலியை மறைப்பது அதன் சுபாவம். எலும்பு முறிந்த பூனையும் சாப்பிடும். அதைவிட, பாதத்தைத் தரையில் ஊன்றுகிறானா என்று பாருங்கள். கொஞ்சமாவது ஊன்றி நடந்தால், வீக்கமும் காயமும் இல்லையென்றால், ஒரு நாள் பொறுக்கலாம். ஒரே அறையில் வைத்து, மேலே ஏறிக் குதிக்க விடாதீர்கள். காலைத் தூக்கியே வைத்திருந்தால், கோணலாகத் தொங்கினால், உயரத்திலிருந்து விழுந்தோ வண்டியில் அடிபட்டோ இருந்தால் அன்றைக்கே காட்டிவிடுங்கள். விழுந்த பூனை நடந்தாலும் சரி, உள்ளே அடிபட்டிருக்கலாம்.

வெளியே போய்வரும் ஆண் பூனை என்பதால் எனக்கு முதல் சந்தேகம் சண்டையில் பட்ட கடி. பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி. துளை சிறிதாக விழும், மேல்தோல் சீக்கிரமே மூடிக்கொள்ளும், கிருமி உள்ளே மாட்டிக்கொள்ளும். இரண்டு முதல் நான்கு நாளில் அந்த இடம் சூடாகி வீங்கிச் சீழ் கட்டும். முடியை விலக்கித் தோள்பட்டையிலிருந்து பாதம் வரை மெதுவாகத் தடவிப் பாருங்கள். சின்னப் பொருக்கு, ஈரமாக ஒட்டிய முடி, தொட்டதும் கையைத் தட்டிவிடும் ஓர் இடம், இதில் ஒன்று இருந்தாலும் கடியாக இருக்கலாம், காட்டிவிடுங்கள். கூடவே சோர்ந்து படுத்தால் காய்ச்சலாக இருக்கலாம், 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனால் அது காய்ச்சல். சீழை எடுத்து மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சீக்கிரம் தேறிவிடும். நீங்களே பிதுக்க வேண்டாம்.

அப்படியே விரலிடுக்கில் முள், பிளந்த நகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வயதான பூனையென்றால் நகம் வளைந்து வளர்ந்து பாதத்திலேயே குத்தியிருக்கும்.

உங்கள் பூனைக்கு இது இல்லை, ஆனாலும் பூனை வளர்க்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பின்னங்கால்கள் திடீரென்று இழுத்துக்கொண்டு, பூனை அலறி, அந்தப் பாதங்கள் சில்லென்று வெளுத்தோ நீலம் பாரித்தோ இருந்தால் அது சுளுக்கு அல்ல. பெரும்பாலும் இதய நோயால் உருவான ரத்தக்கட்டி காலுக்குப் போகும் ரத்தத்தை அடைத்திருக்கும். நடுராத்திரியானாலும் கிளம்பிவிட வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்.

உங்களுக்கு ஏற்கெனவே ஒரு நாள் ஓடிவிட்டது. நாளைக் காலையும் நொண்டினால் காத்திருக்காதீர்கள். வலி குறைந்ததுபோல் இருந்து அப்புறம் திரும்ப வந்தாலும் காட்டுங்கள். கிளம்பும் முன் அவன் வீட்டில் நடப்பதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் எங்கள் மேஜைமேல் ஏறியதும் பூனை பயத்தில் உறைந்து உட்கார்ந்துவிடும், ஓர் அடி எடுத்து வைக்காது. காலுக்குக் கட்டுப் போடவோ குச்சி வைத்துக் கட்டவோ வேண்டாம். துண்டு விரித்த பெட்டியில் அப்படியே வைத்துக் கொண்டுபோனால் போதும்.