மலேசியாவுக்குக் கிளம்பும் பிள்ளைகள்: நடுராத்திரியில் யாருக்கு போன் போடுவது?

தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களை மலேசியாவுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேலையும் என் தலையில்தான். போன முறை கோலாலம்பூரில் ஹோட்டல்காரர்கள் பாதி அறை இல்லை என்றார்கள். அப்புறம் ஒரு பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. விஷயம் ஊரில் பரவியதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன.

பாலக்கோட்டிலிருந்து ஒரு அம்மா: அம்மை போட்ட பையனை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டீர்களாமே?

விட்டுவிட்டு வரவில்லைங்க. சின்னம்மைக் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அதற்கு ஐந்து முதல் ஏழு நாள் பிடிக்கும். பயணம் செய்யலாம் என்று டாக்டர் சான்றும் கேட்பார்கள். உடன் வந்த இன்னொரு ஆசிரியர் அவனோடு தங்கினார், நான் மற்றவர்களைக் கூட்டிவந்தேன். இரண்டு ஆசிரியர் இல்லாத குழுவில் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

பையனின் பாட்டி போனில் ஒரே அழுகை: "மாத்திரை கொடுக்காதீங்க சார், ஆத்தா கோவிச்சுக்குவா." அங்கிருந்த தமிழம்மா ஒருவர் வேப்பிலை கொண்டுவந்து கொடுத்தார், படுக்கையில் போட்டோம். மாத்திரையும் கொடுத்தோம். வளர்ந்த பிள்ளைகளுக்கு அம்மை கடுமையாக வரும். கொப்புளம் கண்ட முதல் நாளுக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தை ஆரம்பித்தால்தான் நல்ல பலன். ஆஸ்பிரின் கூடவே கூடாது. இவனோ இரட்டைக் கோபுரத்தைப் பார்க்காமல் போய்விடுமோ என்று காய்ச்சலை மறைத்து வைத்திருந்தான்!

ஓசூர் மாணவர்: அவனோடு ஒரே அறையில் இருந்தேன். எனக்கும் வருமா சார்?

சின்ன வயதில் ஒருமுறை அம்மை போட்டிருந்தால் பெரும்பாலும் வராது. இல்லையென்றால் 10 முதல் 21 நாளுக்குள் தெரிந்துவிடும். வீட்டில் அக்காவோ அண்ணியோ மாசமாக இருந்தால் அதுவரை அவர்கள் பக்கம் போகாதே தம்பி.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு அப்பா: முழுப் பணமும் கட்டியாச்சு. அறை இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?

நாம் கட்டியது ஏஜெண்டுக்கு. அவர் ஹோட்டலுக்கு என்ன சொன்னார் என்பதில்தான் சிக்கல். பெங்களூரு விமானம் அங்கே நள்ளிரவு தாண்டி இறங்கியது. தேதி மாறிவிட்டதால் ஹோட்டல்காரர்கள் நாம் வரவேயில்லை என்று எழுதி, பாதி அறைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். தாமதமாக வருவோம் என்று ஏஜெண்ட் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அங்கே ஒரு மணி என்றால் நம்மூரில் இரவு பத்தரை. ஏஜெண்ட் போனை அணைத்துவிட்டார். பெண்பிள்ளைகளை இருந்த அறைகளில் நெருக்கிப் படுக்கவைத்தோம். பையன்கள் லாபி சோபாவில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். விடிந்த பிறகுதான் பக்கத்துத் தெருவில் வேறு இடம் கிடைத்தது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு நீங்களே ஹோட்டல் வரவேற்பறைக்கு நேராக போன் போடுங்கள். எத்தனை அறை, எந்த இரவிலிருந்து, விமானம் எத்தனை மணிக்கு, பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: வெளிநாட்டவரிடம் அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். பேக்கேஜில் அது சேர்த்தியா என்று கேளுங்கள். பல ஏஜெண்டுகள் வாயே திறப்பதில்லை.

அரூர், கல்லூரி ஊழியர்: இன்சூரன்ஸ் எடுத்தால் ஆஸ்பத்திரிச் செலவு பற்றிக் கவலை இல்லைதானே?

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே பாலிசியில் இருக்கும் உதவி எண்ணுக்குப் பேசினால்தான் கவலை இல்லை. சேர்த்து, கட்டி முடித்துவிட்டு ஊருக்கு வந்து கேட்டால் இழுத்தடிப்பார்கள். வெளிநோயாளிச் செலவைப் பெரும்பாலும் நாமே கட்டி, பில்லையும் டாக்டர் சீட்டையும் வைத்துக் கேட்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு போன்ற பழைய நோயை மறைத்து எடுத்த பாலிசி வெறும் காகிதம். அந்த உதவி எண், ஹோட்டல் எண், இந்தியத் தூதரக எண், அவசரத்துக்கு 999 இவற்றை ஒவ்வொரு பிள்ளையும் தாளில் எழுதி வைத்திருக்கட்டும். சார்ஜ் தீர்ந்தால் செல்போன் வெறும் கண்ணாடிதான்.

பென்னாகரம் மாணவி: பத்துமலையில் குரங்கு கடிக்குமா சார்?

தின்பண்டம் கையில் இருந்தால் 272 படியிலும் துரத்தும்மா. கடித்தாலும் பிராண்டினாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால்மணி நேரம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதே. அன்றைக்கே டாக்டரிடம் போ. அவர் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டால், மருந்தின் பெயரும் தேதியும் உள்ள அட்டையை வாங்கிக்கொள். மீதி ஊசியை இங்கே அரசு மருத்துவமனையில் தொடரலாம்.

போச்சம்பள்ளி: திரும்பி வந்த ஐந்தாம் நாள் என் மகனுக்குக் காய்ச்சல். மெடிக்கலில் மாத்திரை வாங்கலாமா?

வேண்டாங்க. டெங்கு கொசு கடித்து நான்கு முதல் பத்து நாளில் காட்டும். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்காமல் டாக்டரிடம் போங்கள், மலேசியா போனதைச் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கும்போது வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஊத்தங்கரை மாணவர்: டிஜிட்டல் வருகை அட்டைக்கு இணையத்தில் பணம் கேட்கிறது. கட்டலாமா?

கட்டாதே. அது போலித் தளம். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் இலவசம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும்.