நாலு கியரை ஐந்தாக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா வைத்திருந்த டொயோட்டா லாண்ட் குரூசர், 40 வரிசை, 3பி டீசல் எஞ்சின், நாலு கியர். கரையில் படகு இழுக்கவும், கிழமைக்கு ஒருமுறை தம்புள்ளைக்குப் போய் கடைக்கு மரக்கறி ஏற்றவும் பாவிக்கிறேன். இரண்டாம் கியர் விழும்போது கரகரவென்று சத்தம். கந்தளாய் தாண்டி நேர் ரோட்டில் 80இல் போனால் எஞ்சின் கத்துகிறது. எச்55எஃப் என்ற ஐந்து கியர் பொக்ஸைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (நிலாவெளி வாசகர்)

பதில்: போடலாம் தம்பி, ஆனால் நீங்கள் சொல்வது இரண்டு வருத்தம், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கரகரப்பை முதலில் எடுப்போம். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி சும்மா ஓடவிட்டு, கிளட்சை அடிவரை மிதித்து ஐந்தாறு எண்ணும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு, மெதுவாக ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ வளையம் (கியர் விழுமுன் சுற்று வேகத்தைச் சமப்படுத்துகிற பித்தளை வளையம்) கிடையாது, அதனால் கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டால் அங்கேதான் கத்தும். கத்தினால் பொக்ஸில் கை வைக்காமல் கிளட்சின் மேல் சிலிண்டரையும் கீழ்ச் சிலிண்டரையும் கழற்றிப் பாருங்கள், கடற்கரையில் நிற்கிற வண்டிகளில் அவை உப்புக்காற்றுக்குத் துருப்பிடித்துக் கசிவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சத்தமில்லாமல் ரிவர்ஸ் விழுந்தால் கிளட்ச் சரி, இரண்டாம் கியரின் பித்தளை வளையம் தேய்ந்திருக்கிறது, பொக்ஸைத் திறக்கத்தான் வேண்டும். எப்படியும் திறக்கப் போகிறீர்கள் என்றால் அப்போது ஐந்து கியரைப் பற்றி யோசிப்பது நியாயம்.

இனி எஞ்சின் கத்துகிற கதை. இதற்கு உங்கள் டிஃப் (பின் அச்சில் சுற்றைக் குறைத்துச் சில்லுக்குக் கொடுக்கிற பல்லுச்சக்கரத் தொகுதி) என்ன விகிதம் என்று தெரியாமல் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். பின் சில்லு ஒன்றை மட்டும் ஜக்கில் தூக்குங்கள், கியரை நியூட்ரலில் விடுங்கள், ஹேண்ட்பிரேக்கையும் எடுத்துவிட வேண்டும், ஆகவே மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் வடிவாகக் கல் வையுங்கள். தூக்கிய சில்லை இரண்டு முழுச்சுற்று சுற்றி, டிஃபுக்குப் போகிற நீளத் தண்டான ப்ரொப்பெலர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று ஒரு சோக்குக் கோடு போட்டு எண்ணுங்கள். நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போனால் 4.11 டிஃப், அதாவது 9 பல்லுக்கு 37 பல். மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைந்தால் 3.70.

ஏன் இவ்வளவு மினக்கெடச் சொல்கிறேன் என்றால், 7.50-16 ரயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டரை மீற்றர் உருளும். 4.11 டிஃபில் 80 கிலோமீற்றர் வேகத்துக்கு நாலாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,200 சுற்றளவில் ஓடும். எச்55எஃபின் ஐந்தாம் கியர் 0.845, அதாவது ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 0.845 சுற்றுச் சுற்றினால் போதும், அதே வேகத்துக்கு 1,850 போதும். அந்த 350 சுற்றுக் குறைவை நீங்கள் ஹபரணைக்குப் போய்ச் சேரும்போது காதிலேயே உணர்வீர்கள். ஆனால் 3.70 டிஃப் என்றால் ஐந்தாம் கியரில் 1,670 சுற்றுக்கு இறங்கிவிடும், மரக்கறி மூட்டையோடு சின்ன ஏற்றம் வந்தாலே எஞ்சின் திணறும், திரும்பவும் நாலுக்கு வருவீர்கள். அந்த நிலையில் நான் ஐந்து கியர் போடச் சொல்ல மாட்டேன், இருக்கிற பொக்ஸுக்குப் புது வளையமும் பேரிங்கும் போட்டு ஓடுங்கள். டீசல் மிச்சமாகும் என்று யாராவது பெரிதாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். சுற்று குறைகிற அளவுக்கு டீசல் குறையாது, சதுரப் பெட்டி மாதிரி நிற்கிற அந்த வண்டி காற்றைத் தள்ளிக்கொண்டுதானே போக வேண்டும்.

படகு இழுக்கிற உங்களுக்கு முதல் கியரும் முக்கியம். உங்களிடம் இருக்கிற நாலு கியர் பொக்ஸ் எச்42 ரகம் என்றால் அதன் முதல் கியர் 3.55, எச்55எஃபில் 4.84. மணலில் நனைந்த படகைக் கிளப்பும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக இழுவை கூடும், கிளட்ச் கருகாது. எச்41 என்றால் அதிலேயே 4.9 இருக்கிறது, அந்தப் பக்கத்தில் உங்களுக்கு லாபம் ஒன்றுமில்லை.

சரி, போடுவதென்று முடிவெடுத்தால் பொக்ஸின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். எச்55எஃப் பழைய பொக்ஸைவிட நீளம். முன், பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தள்ளிப் போகும், பின் ஷாஃப்டை வெட்டிக் குறைக்க வேண்டும், முன் ஷாஃப்டை நீட்ட வேண்டும், பொக்ஸைத் தாங்குகிற குறுக்குச் சட்டமும் இடம் மாறும். நீளச் சேசி வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை. உங்களுடையது கட்டை வண்டி என்றால் ஏற்கெனவே குட்டையான பின் ஷாஃப்ட் இன்னும் குட்டையாகிச் சரிவு கூடும், யுனிவர்சல் ஜொயின்ட் சீக்கிரம் தேயும். லீஃப் தகடு கூட்டி வண்டியை உயர்த்தியும் இருந்தால் இன்னும் மோசம். வெட்டி ஒட்டிய ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்காமல் பூட்ட விடாதீர்கள்.

வாங்கும்போது பொக்ஸையும் ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் கழற்றாத ஒரே சோடியாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (மேலே நீளவாக்கில் வெட்டிய பற்கள்) எண்ணிக்கை பொருந்தாமல் போகலாம். உங்கள் எஞ்சினுக்கு உரிய பெல் ஹவுசிங் (பொக்ஸை எஞ்சினோடு பூட்டுகிற, கிளட்சை மூடிய கூடு) வருகிறதா என்றும் பாருங்கள். நான் ஒருமுறை கொழும்பில், புதிதாக வெள்ளி நிறப் பெயின்ட் அடித்த ஒரு பொக்ஸை நம்பி வாங்கி, ரயில் பார்சலில் திருகோணமலைக்குக் கொண்டுவந்து, ஒயில் வடிக்கும் ஆணியைக் கழற்றினேன். ஆணியின் காந்தத்தில் கறுப்புப் பசை மாதிரி இரும்புத்தூள் ஒட்டியிருப்பது வழமை, அதற்குப் பயப்படத் தேவையில்லை. அதில் இருந்தது நெல்மணி அளவில் உடைந்த பல்லுத் துண்டு, விரலால் தடவியபோது கூர் குத்தியது. அன்றிலிருந்து விற்கிறவர் முன்னாலேயே அந்த ஆணியைக் கழற்றச் சொல்கிறேன், மறுத்தால் வந்த வழியே திரும்பிவிடுகிறேன்.

பூட்டிய பிறகு பொக்ஸுக்கு ஜிஎல்-4 என்று தரம் போட்ட கியர் ஒயில் ஊற்றுங்கள். டிஃபுக்கு ஊற்றும் ஜிஎல்-5 ஒயிலில் உள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை வளையத்தை அரிக்கக் கூடியது.

கேள்வி: என் லாண்ட் குரூசரில் கியர்பொக்ஸ் ஒயில் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை. எங்கே போகிறது? (கிண்ணியா வாசகர்)

பதில்: ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் தேய்ந்தால் இப்படித்தான். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் நிரப்பு ஆணியைக் கழற்றிப் பாருங்கள், ஒயில் தானாகவே கொட்டும். சீல் மாற்றும்வரை கிழமைக்கு ஒருதடவை பொக்ஸின் அளவைப் பாருங்கள், வற்றிய பொக்ஸோடு மட்டக்களப்பு வரை ஓட வேண்டாம்.

கேள்வி: லாண்ட் ரோவர் சீரிஸ் 3 வைத்திருக்கிறேன். இதற்கும் ஐந்து கியர் போட முடியுமா? (மூதூர் வாசகர்)

பதில்: வேறு பொக்ஸ் பூட்ட சேசி வரை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும், அந்த வேலையை நான் சொல்ல மாட்டேன். சீரிஸ் 3இல் நாலு கியருக்கும் சிங்க்ரோ உண்டு, பொக்ஸ் நல்ல நிலையில் இருந்தால் அதைக் குழப்பாதீர்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க மூடியைக் கழற்றிப் பூட்டுகிற ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கிற மேலதிக கியர்) ஒன்று ஃபேரி நிறுவனம் முன்னர் செய்தது, எஞ்சின் சுற்றை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைக்கும். பழையது எங்காவது கிடைத்தால், உள்ளே ஒயில் வற்றாமல் ஓடியதா என்பதை மட்டும் வடிவாகப் பார்த்து வாங்குங்கள்.