காணொளிகளின் கீழ் இனவாதத்தைப் பற்றி வாதிடுவதால் ஏதேனும் பயன் உண்டா?

நீங்களும் எங்கோ மனம் நொந்து எழுதி, முன்பின் அறியாதவர்களிடம் வசை வாங்கிய பிறகுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள்.

2019 ஜூலையில் இங்கு வெளிவந்த ஒரு விளம்பரத்தில், சீன நடிகர் ஒருவரே முக்காடிட்ட மலாய்ப் பெண்ணாகவும் தோலைக் கறுப்பாக்கிக்கொண்ட இந்தியராகவும் தோன்றினார். அதைக் கண்டித்து, இங்குள்ள இந்திய ராப் பாடகர் சுபாஸ் நாயரும் அவருடைய சகோதரி பிரீத்தி நாயரும் வசைச்சொற்கள் கலந்த ராப் காணொளி ஒன்றை வெளியிட்டதும், விளம்பரம் மறந்துபோய், அவர்கள் பேசிய விதமே பெரும் விவாதமாயிற்று. அவர்களுக்குக் காவல்துறையிடமிருந்து 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கிடைத்தது; அதாவது, அந்தக் காலத்தில் மீண்டும் குற்றம் செய்யாதவரை வழக்கு இல்லை. வசைச்சொற்களை நான் ஆதரிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்போது நானும் ஒரு காணொளியின் கீழ் எழுதினேன். திருமணமான புதிதில் வாடகை வீடு தேடியபோது, தொலைபேசியில் என் ஆங்கிலத்தைக் கேட்டு மறுநாளே வரச்சொன்ன முகவர், என் பெயரைக் கேட்டதும், "உரிமையாளர் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை, சமையல் வாசனை போகாதாம்" என்றார். இவ்வளவுதான் எழுதினேன், யாரையும் பழிக்கவில்லை. ஆதாரம் எங்கே, பேச்சைப் பதிவுசெய்தாயா என்று ஒருவர் கேட்டார். இந்தியாவில் சாதி பார்த்து வீடு மறுப்பதில்லையா என்றார் இன்னொருவர். மறுக்கிறார்கள், அது எனக்கும் தலைகுனிவுதான், ஆனால் எனக்கு அந்த வீட்டை மறுத்தது சரியா என்பதற்கு அது பதிலாகாது. என் தாத்தா காலம் முதல் இங்கேயே வாழும் என்னை, பிடிக்காவிட்டால் இந்தியாவுக்குப் போ என்றும் எழுதினார்கள். எல்லாவற்றையும்விட வலித்தது, "எனக்கு அப்படி எதுவும் நேர்ந்ததில்லையே" என்று ஒரு தமிழர் எழுதியதுதான். அவர் பொய் சொன்னதாக நான் கூறவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மற்றவர்கள் எனக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள்.

2021இல் சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையில், வெவ்வேறு இனத்தவரான ஓர் இளம் இணையை விரிவுரையாளர் ஒருவர் பழித்த காட்சி பரவியது. அவர் வேலையை இழந்தார், பின்னர் சிறைக்கும் சென்றார். காட்சியே கண்முன் இருந்ததால், பழிக்கப்பட்டவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய அங்கே இடமில்லை. தொலைபேசியில் மென்மையாகச் சொல்லப்படும் மறுப்பை யார் படமெடுப்பது?

ஆகவே பயன் குறைவுதான், ஆனாலும் நான் எழுதுவதை நிறுத்தவில்லை. நடந்ததையும் சொல்லப்பட்டதையும் ஒரே முறை எழுதிவிட்டு, ஆதாரம் கேட்பவர்களுக்குப் பதில் எழுதாமல் விட்டுவிடுகிறேன். "எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்" என்று தயங்கித் தயங்கி எழுதும் சீன இளையர்களுக்கு மட்டும், எந்நேரமானாலும் பதில் எழுதுகிறேன்.