யாரை ஆட்டத்தில் சேர்ப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். கடைக்குட்டிக்கு வயது 6. மூத்தவர் என் மாமியார், 81. நடுவில் எல்லா வயதிலும் ஆள் உண்டு. போன வருடம், இடம் வாங்கி வாடகை வசூலிக்கும் மோனோபொலி ஆட்டத்தை எடுத்தோம். முதல் ஒரு மணி நேரத்திலேயே இரண்டு பேர் திவாலாகி எழுந்து போனார்கள், மூன்றாவது ஆள் அழுதான், கடைசியில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாமலே படுக்கப் போனார்கள். இந்த முறை அப்படி ஆகக்கூடாது. எல்லா வயதினரும் சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டு எது? ஜெயித்தவர்களுக்குப் பரிசு வைக்கலாமா? சின்னவர்களுக்காகப் பெரியவர்கள் விட்டுக்கொடுத்து ஆட வேண்டுமா? பதின்வயதுப் பிள்ளைகளின் கையிலிருந்து போனை எப்படி வாங்குவது? மாமியாரைப் பற்றிக் கவலையில்லை. அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, பாவம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மீதிப் பதினொரு பேருக்குச் சொன்னால் போதும்.

எ.

அன்புள்ள எ.,

உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. ஆனால் என்னைப் பதில் எழுத உட்காரவைத்தது, கேள்வியே இல்லாத அந்தக் கடைசி வரிகள்தான். வயதானவர்களுக்குக் காது மந்தமாகும்போது சுற்றியிருக்கும் நாம் என்ன செய்கிறோம் என்று கொஞ்ச காலமாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு வருகிறேன். சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம்.

பரிசு வேண்டாம். போனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆட்டம் நன்றாக இருந்தால் அவர்களே கீழே வைப்பார்கள், இல்லாவிட்டால் நீங்கள் பிடுங்கி வைத்தும் பயனில்லை. விட்டுக்கொடுத்து ஆடாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடும், கண்டுபிடித்த நிமிடமே ஆட்டத்தின் மேலுள்ள மதிப்பு போய்விடும். சதுரங்கத்தில் கைதேர்ந்தவர் தன் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடத் தொடங்குவது பழைய வழக்கம். அப்படி ஆரம்பத்திலேயே, எல்லோருக்கும் தெரியும்படி சலுகை கொடுங்கள். அப்புறம் முழு மூச்சாக ஆடுங்கள்.

போன வருடச் சண்டைக்காக உங்கள் வீட்டுப் பையன்களைத் திட்ட வேண்டாம். அந்த ஆட்டத்தின் அமைப்பே அப்படி. லிஸ்ஸி மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-ல் காப்புரிமை பெற்ற நிலக்கிழார் விளையாட்டுதான் அதற்கு மூலம். நிலமெல்லாம் சிலர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் வாடகை கட்டியே நொடித்துப்போவார்கள் என்று எல்லோருக்கும் புரியவைக்கத்தான் அவர் அதை உருவாக்கினார். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மோனோபொலியை விற்கத் தொடங்கியபோது பாடம் காணாமல் போயிருந்தது, நொடித்துப்போவது மட்டும் மிஞ்சியது. ஒருவர் மிஞ்சும்வரை மற்ற அத்தனை பேரும் வெளியேற வேண்டும். போதாததற்கு வீட்டுக்கு வீடு சொந்த விதிகள் வேறு. அபராதப் பணத்தையெல்லாம் நடுவில் குவித்து, ‘ஃப்ரீ பார்க்கிங்’ கட்டத்துக்கு வருகிறவருக்கு அள்ளிக் கொடுப்பது அதிகாரப்பூர்வ விதியில் கிடையாது. அப்படி அள்ளிக் கொடுப்பதால்தான் விழவேண்டியவர் விழாமல் ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது. ஒருவர் வாங்காமல் விட்ட இடத்தை உடனே ஏலம் விட வேண்டும் என்பது விதியில் இருக்கிறது, அதைப் பலர் படிப்பதே இல்லை. முதலில் திவாலான பிள்ளை அத்தனை நேரமும் என்ன செய்வான்? கிறிஸ்துமஸ் மதியத்தில் ஒரு குழந்தையைக் கூட்டத்திலிருந்து எழுப்பி அனுப்புகிற ஆட்டத்தை மேசைமேல் வைக்கவே கூடாது என்பது என் கட்சி. இந்தத் தொல்லையை விளையாட்டு வடிவமைப்பவர்கள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். 1995-ல் ஜெர்மனியில் வந்த கட்டான் ஆட்டத்தில் தோற்கப்போகிறவரும் கடைசிச் சுற்றுவரை மேசையில் இருப்பார், அவரோடு பண்டமாற்று செய்ய மற்றவர்கள் வரவும் செய்வார்கள்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் வெளியேறியதற்கு இவ்வளவு வருத்தப்படுகிறீர்களே, ஆட்டம் தொடங்கும் முன்பே ஒருவரை நீங்கள் வெளியேற்றியிருக்கிறீர்கள். அதுவும் கவலையில்லை என்று எழுதி. இதை நான் கோபமாகத்தான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காது கேட்பதில்லை என்கிறீர்கள். எது கேட்பதில்லை என்று கவனித்திருக்கிறீர்களா? முதுமையில் முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். பேச்சில் உயிரெழுத்துகளின் ஓசை கனமானது, அது பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடும். ச, ஸ, த போன்றவற்றின் மெல்லிய கூர்மை வந்து சேராது. சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை என்று வயதானவர்கள் சொல்வது இதனால்தான், அது சாக்கு இல்லை. எதிரே ஒருவர் மட்டும் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்து, முன்பின் வைத்து, விட்டதை ஊகித்துக்கொள்வார். பன்னிரண்டு பேர் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பேசினால் ஊகிக்க எதுவும் மிஞ்சாது. காதுக்கருவி போட்டிருந்தாலும் சுற்றியுள்ள இரைச்சலையும் சேர்த்துத்தான் அது கூட்டிக் கொடுக்கும். நீங்கள் கத்திப் பேசினால் ஒலி இன்னும் சிதையும், உங்கள் வாயின் அசைவும் கோணிப்போகும், பார்ப்பவருக்கு நீங்கள் எரிந்து விழுவதுபோல இருக்கும்.

இந்தக் கிறிஸ்துமஸ் கூட்டத்தில் அவர் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். எல்லோரும் சிரித்து ஒரு கணம் கழித்துச் சிரிப்பார். எதற்கென்று தெரியாமலே சிரிப்பார். அடுத்து யார் பேசப்போகிறார்கள் என்று ஒவ்வொரு வாயாகத் தேடிக்கொண்டிருப்பார். அது களைப்பான வேலை. அரைமணி நேரத்தில் அலுத்துப்போய் உள்ளறைக்குப் போனால், அம்மாவுக்கு வயதாகிவிட்டது, படுக்கட்டும் என்கிறோம். பரிதாபப்பட எல்லோரும் இருக்கிறோம், நாற்காலியை வெளிச்சம் பார்த்துத் திருப்பிப்போட ஒருவரும் எழுவதில்லை.

என் பெரியம்மாவை நினைத்துக்கொள்கிறேன். தையல் வேலை செய்தவர். கடைசிக் காலத்தில் காது ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. குடும்பம் கூடினால் எங்களுக்கு எப்போதும் கேள்வி பதில் ஆட்டம், இல்லையென்றால் வார்த்தை ஆட்டம், அவர் சுவரோரமாக உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார். ஒரு கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகளில் யாரோ ஜெங்கா கொண்டுவந்திருந்தார்கள். மூன்று மூன்றாக 18 அடுக்கு, மொத்தம் 54 மரக்கட்டைகள். ஒரு நேரத்தில் ஒரு கைதான், கோபுரம் சரியாமல் ஒரு கட்டையை உருவி உச்சியில் வைக்க வேண்டும். அந்தக் கட்டைகள் எல்லாம் ஒரே அளவு இல்லை. மயிரிழை வித்தியாசம் இருக்கும், அதனால் சில இறுகியும் சில தளர்ந்தும் நிற்கும். எங்களுக்கு அது தெரியாது, கண்ணுக்குப் பட்டதைப் பிடித்து இழுத்தோம். பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஆள்காட்டி விரலின் நுனியால் ஒவ்வொரு கட்டையாக லேசாகத் தள்ளிப் பார்த்தார். இறுகிய கட்டை அசையவில்லை, விட்டுவிட்டார். நடு அடுக்கில் ஒன்று நகர்ந்தது. ஊசியில் நூல் கோக்கிற அதே முகத்தோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கமாக வந்த நுனியை இரண்டு விரலால் பற்றி எடுத்தார். அந்த ஆட்டத்தில் பேச்சுக்கு வேலையே இல்லை. அறையே வாயை மூடிக்கொண்டது. அன்று முதல்முறையாக நாங்கள் எல்லோரும் அவர் இருந்த உலகத்துக்குப் போனோம். பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று, விரலால் தட்டிப் பார்க்கும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். சாயங்காலம் முழுவதும் அவர் எழுந்து போகவில்லை.

அவர் மாறவில்லை, காதும் திரும்பி வரவில்லை. ஆட்டம் மாறியது, அவ்வளவுதான். அத்தனை வருடங்கள் நாங்கள் எடுத்த ஆட்டங்கள் எல்லாம் காதை மட்டுமே நம்பியவை.

அதனால் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெட்டியின் மேல் போட்டிருக்கும் வயதைப் பார்த்துத் தொடங்காதீர்கள். உங்கள் கூட்டத்தில் யாருக்கு மிகவும் கஷ்டமோ அவரிடமிருந்து தொடங்குங்கள். அவருக்கு எது முடியும்? கை நன்றாக இருக்கிறதா, கண் எப்படி, பழைய ஞாபகம் எப்படி? பதினொரு பேருக்கு ஆட்டம் பார்த்துவிட்டுப் பன்னிரண்டாமவரை நுழைக்க முடியாது. பன்னிரண்டாமவருக்குப் பார்த்த ஆட்டத்தில் மற்றப் பதினொரு பேரும் தாராளமாக ஆடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் இரவுகளில் ஆடியவற்றைப் பாருங்கள்: கண்ணைக் கட்டிக்கொண்டு ஆளைத் தடவிக் கண்டுபிடிப்பது, வாய் திறக்காமல் நடித்துக் காட்டுவது, விளக்கை அணைத்துவிட்டு எரியும் பிராந்தித் தட்டிலிருந்து உலர்திராட்சையை எடுப்பது. கடைசியை உங்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் ஒன்றிலும் யாரும் யார் பேச்சையும் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பன்னிரண்டு பேரை ஆறு ஜோடியாகப் பிரியுங்கள். ஆறு வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவரோடு. உங்கள் மாமியார் பதின்வயதுப் பேரப்பிள்ளைகளில் ஒருவரோடு. ஆட்டம் ‘ஜஸ்ட் ஒன்’. ஜெர்மனியில் 1979 முதல் கொடுத்துவரும் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை 2019-ல் வாங்கியது. மூன்று முதல் ஏழு பேர் ஆடுவது, ஆறு ஜோடி கச்சிதமாகப் பொருந்தும். பெட்டி வாங்காவிட்டாலும் தமிழிலேயே காகிதம் வைத்து ஆடலாம். ஒரு ஜோடி திரும்பி உட்காரும். மற்ற ஐந்து ஜோடிக்கும் ஒரு சொல்லைக் காட்ட வேண்டும், யானை என்று வையுங்கள். ஒவ்வொரு ஜோடியும் அதற்கு ஒரே ஒரு சொல்லில் துப்பு எழுத வேண்டும், மற்றவர்களுக்குத் தெரியாமல். பிறகு ஐந்தையும் ஒப்பிட்டு, ஒன்றாக இருப்பவற்றை அடித்துவிட வேண்டும். இரண்டு ஜோடி தும்பிக்கை என்று எழுதியிருந்தால் இரண்டுமே போச்சு. மிஞ்சியதை மட்டும் காட்டி, திரும்பியிருந்தவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது செத்துப்போகும், வேறு யாருக்கும் தோன்றாத சொல்தான் பிழைக்கும். 81 வயதுக்காரரிடம் மற்றவர்கள் மறந்துபோன சொற்கள் எத்தனை இருக்கும், யோசித்துப் பாருங்கள். இதில் யாரும் வெளியேறுவதில்லை, எல்லோரும் ஒரே அணி, எல்லாமே எழுத்தில். பக்கத்து ஜோடிக்குக் கேட்காமல் பாட்டியிடம் பேச வேண்டுமென்றால் பேரன் போனில் பெரிய எழுத்தில் தட்டித்தான் காட்ட வேண்டும். போன் கையிலேயே இருக்கட்டும்.

டாபிள் என்று ஒன்று இருக்கிறது: 55 அட்டை, ஒவ்வொன்றிலும் 8 படம், எந்த இரண்டு அட்டையை எடுத்தாலும் ஒரே ஒரு படம் பொதுவாக இருக்கும், அதை முதலில் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சின்னதுகள் பெரியவர்களை உண்மையிலேயே தோற்கடிக்கும் ஆட்டம், விட்டுக்கொடுக்கும் பேச்சே வராது. ஆனால் முந்திக்கொண்டு கத்துவது, மாமியாருக்கு ஆகாது. அவர் ஓய்வெடுக்கும் நேரத்தில் ஆடுங்கள். ஜெங்காவைப் பற்றிச் சொல்லிவிட்டேன், கை நடுக்கம் இருந்தால் மட்டும் வேண்டாம்.

தடித்த பேனா வாங்குங்கள், பென்சில் எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. டிவியையும் பாட்டையும் ஆட்டம் முடியும்வரை அணைத்துவிடுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும், மற்றவர்கள் முகத்தில் வெளிச்சம் விழட்டும். விதிகளை முதல் நாளே நீங்கள் மட்டும் எதிரே உட்கார்ந்து, இரண்டு சுற்று ஆடிக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள்.

கூப்பிட்டதும் வரமாட்டார். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்தவர், “நீங்க ஆடுங்க, நான் பாக்கறேன்” என்றுதான் சொல்வார். அதை நம்பிவிடாதீர்கள். நீங்கள் வராவிட்டால் ஒரு ஜோடி குறைகிறது என்று சொல்லுங்கள், அது உண்மைதானே. அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அது அவர் முடிவு. ஆனால் அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் போய் மறுபடி கேளுங்கள்.